வெள்ளி கறுக்காதிருக்க

பிப்ரவரி 6

மாமனார் தமது வெள்ளி நாணயங்களை இன்று இரண்டாகப் பிரித்தார். கப்பலில் சமையற்காரராக இருந்த காலத்தில் துறைமுகம் துறைமுகமாகச் சேர்த்தவை. கண்புரை முற்றிவிட்டபடியால் கழுகு எது, அரசி எது என்று விரலால் தடவித்தான் சொல்கிறார். (தடவக் கூடாது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்!)

பாதி எனக்கு. பாதி, மேல்மாடியில் குடியிருக்கும் என் கொழுந்தனின் மனைவிக்கு.

“கோடையில கண் ஆபரேஷன் முடியட்டும். நானே பாக்குறேன். யாருகிட்ட நல்லா இருக்கோ, மொத்தமும் அவகிட்டயே இருக்கட்டும்” என்றார்.

வெள்ளியைப் பேணுவது பற்றி நூலகத்தில் கிடைத்த அனைத்தையும் படித்து, எவரும் கற்பிக்காமல் கற்றவள் நான். அவளோ பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள். இவற்றைச் ‘சில்லறை’ என்பவள். இருவருக்கும் சம பாகமா?

பிப்ரவரி 8

முறைப்படி பணியைத் தொடங்கினேன். பழைய மரப்பெட்டி, செய்தித்தாள், ரப்பர் வளையம் மூன்றையும் அகற்றினேன். அவற்றிலிருந்து கசியும் ஆவி வெள்ளியைக் கறுக்கச் செய்யும். வளைந்து கொடுக்கும் மலிவு பிளாஸ்டிக் உறைகளும் ஆகா. நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுப்பைக் கக்கும். ஒவ்வொரு நாணயத்தையும் பருத்திக் கையுறையணிந்து, விளிம்பை மட்டும் பிடித்தெடுத்து, கடினமான பிளாஸ்டிக் சிமிழில் இட்டேன். காற்றுப் புகாத டப்பா. ஈரத்தை உறிஞ்சச் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். எதையும் தேய்க்கவில்லை.

இவர் எட்டிப் பார்த்து, “கல்யாண நகையக்கூட நீ இப்படி வெச்சதில்லையே” என்றார்.

நகைக்குப் போட்டியாளர் இல்லை என்று சொல்ல நினைத்தேன்.

பிப்ரவரி 23

மேல்மாடிக்குச் சர்க்கரை கேட்கப் போனேன். வீட்டில் சர்க்கரை இருந்தது. உளவு பார்க்கத்தான் போனேன் என்று இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

“அந்த டப்பாவா? துணி அலமாரில எங்கயோ கெடக்குக்கா. நீங்க சாப்பிடும்போது சொன்னீங்களே, சிமிழு, ஜெல்லுன்னு, அப்படியே போட்டு மூடி வெச்சுட்டேன். அதோட சரி.”

என் வாயிலிருந்து கேட்டு, என்னுடனேயே போட்டி!

மாமனார் அங்கேதான் அமர்ந்திருந்தார். அவள் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்: “வாய் நிறைய பஞ்ச வெச்சுட்டு, அப்புறம் வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேக்குறாரு மாமா, எங்க டாக்டரு!” கண்ணில் நீர் வரச் சிரித்தார். என்னிடம் எதற்கும் “சரிம்மா”தான். என் வீட்டில் உண்டு, என் வீட்டில் உறங்குபவர், சிரிப்பதற்கு மட்டும் மாடியேறுகிறார்.

மார்ச் 14

அச்சகத்தில் என்னோடு மெய்ப்புத் திருத்தும் இருவரை வீட்டுக்கு அழைத்திருந்தேன். சிமிழ்களைத் திறந்து, நாணயங்களை வெல்வெட்டின்மேல் பரப்பி, ஒவ்வொன்றின் மீதும் குனிந்து அதன் அச்சையும் விளிம்பையும் விரிவாக எடுத்துரைத்தேன்.

“நீங்க பேசுறதக் கேட்டுக்கிட்டே இருக்கலாம்” என்றாள் ஒருத்தி.

அடுத்த அறையில் இருந்த மாமனாரின் காதில் விழட்டும் என்றே குரலைச் சற்று உயர்த்தினேன். பாதியில் எழுந்து மேலே போய்விட்டார்.

மார்ச் 15

இதைப் பொறாமை என்று கூற மாட்டேன். நியாய உணர்வு எனலாம்.

ஏப்ரல் 5

இன்று எதிர்வீட்டு வங்கி அதிகாரியும் அவர் தங்கையும். போன ஞாயிறு தையற்காரம்மா. ஒவ்வொரு ஞாயிறும் எவருக்கேனும் திறந்து காட்டி விளக்குகிறேன். அவளுடைய டப்பாவைப் பார்க்க ஒருவரும் போவதில்லை. போகமாட்டார்கள்.

மே 11

புள்ளி.

கப்பல் பொறித்த நாணயத்தில், பாய்மரத்துக்கு மேலே, ஊசிமுனையளவு. கறுப்பாக. அரசியின் கன்னத்தில் இன்னும் இரண்டு.

ஜெல் புதியது. கையுறை தூயது. எதில் பிழை செய்தேன்? ஒருவேளை அவள் வந்து ஏதாவது... இல்லை, அவள் இந்த அறைக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. வைத்திருக்கக் கூடாதா!

மே 13

நூலகத்தில் விடை கிடைத்தது. திறந்திருக்கும் நாணயத்தின் மேல் பேசினால் கண்ணுக்குத் தெரியாத எச்சில் துளிகள் தெறிக்கும். சில வாரங்கள் கழித்து அவையே புள்ளிகளாகும். பின்னர் துடைத்தும் போகாது, தேய்த்தால் நாணயமே கெடும்.

முன்பே படித்த பக்கந்தான். பிறருக்கான அறிவுரை என்று கடந்துபோயிருக்கிறேன்.

அப்ப நான் பேசினதுதானா? எல்லாமே நான் பேசினதா? எவ்வளவு அழகா பேசினேன் — ஐயோ.

ஜூன் 4

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியுடன் வீடு வந்து சேர்ந்தார். முதலில் மாடிக்குத்தான் போனார்.

ஜூன் 19

சன்னலோர மேசையில் இரு டப்பாக்களும். அவளுடையவற்றை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னுடையவற்றை.

“என்னம்மா இது, கப்பலுக்கு மேல ஈ மொய்ச்ச மாதிரி இருக்கு?”

காற்றின் ஈரப்பதம், உலோகக் கலவை என்று நீண்டதொரு விளக்கத்தை ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். நாக்கு நுனி வரை வந்தது.

“தொறந்து வெச்சு நான் பேசினதுதான் மாமா. எச்சில் பட்டிருக்கு.”

சின்னவள் வாயைப் பிளந்தாள். “நானும்தான்க்கா நாள் முழுக்க லொடலொடன்னு பேசுறேன். என்னோடதுல வரலையே?”

“நீ தொறக்கவே இல்லையேடி.”

அவள் செய்த ஒரே நற்காரியம் எதுவும் செய்யாமலிருந்தது, அதற்குத்தான் பரிசு.

“அப்ப சின்னவகிட்டயே இருக்கட்டும்” என்றார் மாமனார். ஒரு கணமும் யோசிக்கவில்லை. யோசிப்பதுபோல் நடித்தாவது இருக்கலாம்.

ஜூன் 20

எவரோடும் பேசவில்லை. குழம்பில் உப்பு அதிகம் என்றார் இவர்.

ஜூன் 22

என் பாதியைக் கொண்டுபோய் ஒப்படைத்தேன். பிளாஸ்டிக் மறைக்காமல் ஒரே ஒரு முறை பார்க்க வேண்டுமென்று மாமனார் ஆசைப்பட்டாராம். அவளுடைய நாணயங்கள் யாவும் மேசையில் திறந்து கிடந்தன. ஒரு மாசு இல்லை. பார்த்து முடித்தவர் மொட்டைமாடிக்குப் போயிருந்தார். அவள் அடுப்படியில்.

குனிந்து நின்றேன். ஒரு வாக்கியம் போதும். மழைக்காலத்தில்தான் வெளித்தெரியும், எவருக்கும் காரணம் விளங்காது. என்னிடம் வாக்கியங்களுக்கு என்றுமே குறைவில்லை.

ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். “எப்படிக்கா? நல்லா வெச்சிருக்கேனா?”

நான் உதட்டைத் திறக்கவில்லை.

“இன்னும் கோவமா? ஏதாவது சொல்லுங்கக்கா. திட்டவாவது செய்யுங்க.”

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“மொதல்ல எல்லாத்தையும் மூடு. அப்புறம் திட்டுறேன்.”

கடைசிச் சிமிழ் மூடும் ஓசை கேட்கும்வரை திரும்பவில்லை. பிறகு, சொன்னபடியே திட்டினேன்: அவளது துணி அலமாரி கிடந்த கோலத்துக்காக.