துட்டி வீட்டில் சொன்னது

இரண்டு நாள் கொடியில் கிடந்தும் காயாத சுடிதாரைத்தான் இன்று போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். இலத்தூரில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் என் துப்பட்டாவிலிருந்தே அந்த வாடை வந்தது. சாரல் நாட்களில் நம் எல்லோர் மேலும் இருக்கும் வாடை. ஊர் உலகமெல்லாம் குற்றாலத்துக்கு நனைய வரும். நமக்கு மட்டும் துணி காயாது.

கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் இதை நினைத்து நான் கூசியபடியே இருப்பேன். கூடவே படித்த நீ சிரிப்பாய். "பஸ்ஸே இந்த வாடையிலதான் போகுது. உன்னய மட்டும் யாரு மோந்து பாக்கப் போறா?" என்பாய். கண்டக்டரிடம் சில்லறை கேட்பது, அலுவலகத்தில் சான்றிதழ் கேட்பது எல்லாம் நீதான். நம் இரண்டு வீட்டிலும் நமக்கு முன்னால் கல்லூரிப் படி மிதித்தவர் யாருமில்லை. உனக்கு அதில் பயமே இருந்ததில்லை. "நீ வாயத் திறக்கதுக்குள்ள சீசனே முடிஞ்சிரும்ட்டி" என்று என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போவாய்.

பத்து நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். அன்று கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டு வந்தேன். அதன் பிறகு உன் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க, துட்டி கேட்கப் போகவே இல்லை. செவ்வாய் ஆகாது, வெள்ளி ஆகாது என்றேன். ஆகிற கிழமைகளில் ஆபீஸில் வேலை என்றேன். இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீடு. எட்டு மாதம் சுற்றுவழியில் நடந்தேன். உன்னோடு சேர்ந்தே பார்த்த என்னைத் தனியாகப் பார்த்தால் உன் அம்மா என்ன ஆவாள் என்பதுதான் என் பயம். "அவ மூஞ்சில எப்படி முழிப்ப?" என்று என் அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். ஐந்தருவியில் போட்டிருக்கும் பழக்கடையைப் பக்கத்துக் கடையில் பார்க்கச் சொல்லிவிட்டு உன் அம்மா சாப்பிட வந்திருந்தாள். எதிர்வீட்டு ஆச்சியும் இருந்தார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. உன் அம்மா அழவும் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஆபீஸ்ல யாருகூட உக்காந்து சாப்பிடுத?" என்று கேட்டாள்.

"தனியாத்தான்."

உன் அம்மா கடைக்குக் கிளம்பும் நேரமானதும் எழுந்தேன். துட்டி வீட்டிலிருந்து எழும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது, பேசாமல் இறங்கி நடக்க வேண்டும். என்னைப் போன்றவளுக்கென்றே வைத்த வழக்கம். அதில்கூடத் தவறினேன். உன் வீட்டு வாசலில் செருப்பை மாட்டும்போதெல்லாம் சொல்லிப் பழகிய வாய். "போயிட்டு வாரேன்மா" என்றுவிட்டேன்.

ஆச்சி பதறிவிட்டார். "ஏட்டி, துட்டி வீட்டுல அப்படிச் சொல்லலாமா? படிச்ச பிள்ளைக்கு இது தெரியாதா?"

 உன் அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லட்டும் விடுங்க. எட்டு மாசமா எல்லாரும் சொல்லாமத்தான் போனாவ. ஒருத்தரும் மறுபடி இந்தப் படி ஏறல."

அன்றிலிருந்து உடம்பெல்லாம் ஒரே அசதி. அழுதிருந்தால் தீர்ந்திருக்குமோ என்னவோ. ஊர் வகுத்த துக்கத்துக்குக் கணக்காகக் கிழமைகள் உண்டு, முடிவும் உண்டு. உன் அம்மா தனியாக உண்ணும் மதியச் சாப்பாட்டுக்கு அப்படி எதுவும் இல்லை.

நாளை ஞாயிறு. போய் என்ன பேசுவது என்று இப்போதும் தெரியவில்லை. நீ இல்லாமல் நானாக வாயைத் திறந்து ஒருவருக்குக் கொடுத்த சொல் அந்த "வாரேன்" ஒன்றுதான். மதியத்துக்கு இரண்டு பேருக்காகச் சோறு கட்டித் தரும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.