அவர் பெயரில் வந்த பார்சல்

நவம்பர் 20, வியாழன். அமாவாசை.

தெருவே மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போய்விட்டது. திண்டிவனத்தில் எங்கள் தெருவில் நான் மட்டும்தான் மிச்சம். மத்தியானம் என் வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் படையல் போடும்போது, வாசலில் ஒருவன் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். கையில் பார்சல்.

"சார் நேத்து ஆர்டர் பண்ணாருங்க. பணம் குடுத்துட்டு வாங்கிக்கங்க."

நேற்றா? அவர் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பிவிட்டது. ஏமாற்று வேலை என்று புரிந்தது. ஆனால் தனியாக இருக்கிறேன் என்று இவனிடம் எப்படிச் சொல்வது?

"உள்ள தூங்கிக்கினு இருக்காரு. எழுப்புறேன், அவரையே கேட்டுக்கப்பா" என்றேன். திரும்பி, "ஏங்க!" என்று சத்தமாகக் கூப்பிட்டேன்.

"அட்ரஸ் மாறிப்போச்சு போலங்க" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

நான் கதவைச் சாத்தவில்லை. கூப்பிட்டுவிட்டேனே, பதில் வரட்டும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.