மொழிபெயர்க்க வந்த அண்ணன்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும். உன் முதுகுவலி குறைந்ததா? எனக்குச் சலவைக்கூட வேலை பழகிவிட்டது.

உங்களை இங்கே அழைப்பதற்கான விசாரணை நேற்று நடந்தது. பயப்படாதே, சிரிப்பாகத்தான் இருந்தது. மொழிபெயர்க்க வந்தவர் யார் தெரியுமா? நான் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்தபோது, "தனியாள்னு சொல்லுங்க தம்பி, அகதியா ஏத்துக்கிட்டு சீக்கிரம் விட்டுருவாங்க. குடும்பத்த அப்புறம் கூப்பிட்டுக்கலாம்" என்று காதோடு சொன்னாரே, அதே அண்ணன்.

அதிகாரி கேட்டதை முகம் மாறாமல் தமிழில் சொன்னார்: "பொண்டாட்டி இருக்கறத அப்போ ஏன் மறைச்சீங்க?"

"நீங்கதானே அண்ணே மறைக்கச் சொன்னீங்க?" என்றேன்.

அதை அதிகாரியிடம், "சொல்ல மறந்துவிட்டாராம்" என்று மாற்றினார். அந்த அளவுக்கு எனக்கும் இவர்கள் மொழி புரிகிறது. பதிவில் இல்லாத மனைவியை அழைக்க முடியாது என்று அதிகாரி மறுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் அண்ணன் என் தோளில் கைபோட்டு, "தங்கச்சி சௌக்கியமா?" என்று கேட்டார்.

மேல்முறையீட்டுக்கு நம் கல்யாணப் படம் வேண்டும். பாப்பாவின் பழைய சட்டை ஒன்றும் அனுப்பு. துவைக்காமல் அனுப்பு. வேலைக்கு மணி அடித்துவிட்டது.

இங்கே யாரும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும்,
உன் புருஷன்.