ஹரிநாமம் என்று என் காதில் விழுந்தது

டீச்சர்,

நாளை மார்கழி பிறக்கிறது. பூசை அலமாரியை ஒழித்துத் துடைக்கலாம் என்று காலையில் எல்லாவற்றையும் கீழே இறக்கினேன். விளக்குகள், மணி, சாம்பிராணிக் கரண்டி. பெருமாள் படத்துக்குப் பின்னால், பழைய பட்டுத் துணியில் சுற்றிய உங்கள் சீசா. மூடி தளர்ந்துவிட்டது போலிருக்கிறது. துணியைப் பிரித்ததும் ஸ்பிரிட் வாடை குப்பென்று வந்தது. துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

முட்டைகூட வாசற்படி தாண்டாத வீடு இது. இங்கே சாமி அலமாரியில் ஒரு மீன் இருக்கிறது என்று தெரிந்தால் கோயிலில் ஒருத்தி என் பக்கத்தில் உட்காரமாட்டாள். வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவரும் தெரியாதவர் மாதிரி இருந்துவிடுகிறார்.

உங்களிடம் சொல்லாத விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம். எந்த விலாசத்துக்குப் போடுவது என்று எனக்குத் தெரியாது. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் நான். எழுத உட்கார்ந்தாலும் பேச்சாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் உங்கள் அம்மாவும் எங்கள் மாடியில் குடியிருந்த கடைசி மார்கழியை நினைத்துக்கொள்கிறேன். அம்மா படுக்கையோடு படுக்கையாக இருந்தார்கள். உங்கள் சம்பளம் ஒன்றுதான் இரண்டு பேருக்கும். சாந்தோம் பக்கத்துக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தீர்கள். அந்த வருஷம் விஞ்ஞானத்தையும் தமிழிலேயே நடத்தவேண்டும் என்று ஆகிவிட்டது. பத்து வருஷம் இங்கிலீஷில் சொன்ன பாடத்தைத் தமிழில் சொல்ல உங்களுக்கு நாக்கு வரவில்லை. அதனால் விடியற்காலையில் மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, வகுப்பில் நிற்பதுபோலவே சொல்லிப் பார்ப்பீர்கள். கீழே நான் விளக்கேற்றிக்கொண்டிருப்பேன். தலைக்குமேல் உங்கள் செருப்புச் சத்தம் கேட்கும். குரல் பாதி கேட்கும், பாதி கேட்காது.

ஒருநாள் இப்படிக் காதில் விழுந்தது: "ஹரிநாமம் ஒரே நாளில் நடப்பதன்று. தலைமுறை தலைமுறையாகச் சிறுகச் சிறுக நடப்பது. உயிர்கள் அனைத்தும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஞாயிறு தவறாமல் முக்காடு போட்டுக்கொண்டு மாதாகோயில் பூசைக்குப் போகிற நீங்கள், மார்கழி விடியலில் என் வீட்டு மாடியில் ஹரிநாமத்தின் பெருமையைச் சொல்கிறீர்கள். நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பேன்? கோயிலில் பொங்கலுக்கு நிற்கிற வரிசையிலேயே சொல்லிவிட்டேன். எங்கள் மாடி டீச்சர் ஹரிநாமம் சொல்கிறாள், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறாள் என்று. இரண்டாவது பாதியை நானே சேர்த்தேன். பக்கத்தில் என் தம்பி மகள் நின்றுகொண்டிருந்தாள். உங்கள் பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்பில் படித்தவள். மறுநாள் காலை ஜெபத்துக்கு எல்லாரும் கூடியிருக்கும்போது, எங்கள் அத்தை சொன்னார்கள் என்று உங்களிடமே கேட்டிருக்கிறாள், ஹரிநாமப் பாடம் எங்கள் வகுப்புக்கு எப்போது என்று.

புதன்கிழமை சாயந்தரம் நீங்கள் கீழே இறங்கி வந்தீர்கள். முகத்தில் ரத்தமே இல்லை. வெள்ளிக்கிழமை மடத்துத் தலைவி மதர் முன்னால் விசாரணை, பங்குச் சாமியாரும் வருகிறார், வேலை போனாலும் போகும் என்றீர்கள். யாரோ உங்களைப் பற்றி இப்படிக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னீர்கள்.

"யாரோ இல்ல டீச்சர். நான்தான். நல்ல விஷயம்தானேன்னு சொன்னேன்."

திட்டுவீர்கள் என்று நினைத்தேன்.

"அது ஹரிநாமம் இல்லக்கா. பரிணாமம்."

"அப்படின்னா?"

படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு சிரித்தீர்கள். தோள் குலுங்கியதைப் பார்த்து நானும் சிரித்தேன். பிறகுதான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது.

நான் வந்து மதரிடம் என் காதுதான் தப்பு, டீச்சர் மேல் தப்பில்லை என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றீர்கள். ஹரிநாமம் இல்லை என்றால் பின்னே என்ன என்று கேட்பார்கள். அதைச் சொன்னால் இதைவிட மோசம் என்றீர்கள். இங்கிலீஷில் இருந்தவரை அந்தப் பாடம் புத்தகத்தில் ஒரு ஓரமாகக் கிடந்ததாம். தமிழில் சொன்னால் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொல்லும். மனிதன் எங்கிருந்து வந்தான் என்று வீட்டில் கேட்பார்கள்.

அது என்ன என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது என்றேன். வியாழக்கிழமை சாயந்தரம் ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு அடையாற்றுப் பாலத்துக்குப் போனோம். பாலத்துக்குக் கீழே இறங்கி, நீர் வடிந்த சேற்றுக் கரையில் நின்றோம். மூக்கைப் பொத்திக்கொண்டேன். சேற்றிலிருந்து பென்சில் முனைகள் மாதிரி ஆயிரம் குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவையெல்லாம் வேர்கள், மூச்சுவிட மேலே வந்திருக்கின்றன என்றீர்கள். அப்போதுதான் அது குதித்தது. விரல் நீளம், தலைக்கு மேல் இரண்டு கண் துருத்திக்கொண்டிருந்தது. மீன், ஆனால் தண்ணீரில் இல்லை. முன் துடுப்பை ஊன்றி, கைக்குழந்தை தவழுகிற மாதிரி சேற்றில் போனது.

"தண்ணி வடிஞ்சா மத்த மீனெல்லாம் கூடவே போயிடும். இதோட முன்னோருல சிலதுக்கு ஈரத்தோலாலயும் மூச்சு வாங்க முடிஞ்சுது. கரையில கிடக்கிற இரை பூரா அதுங்களுக்குத்தான். அதுங்க குஞ்சுங்க பிழைச்சுது, அதோட குஞ்சுங்க இன்னும் கொஞ்சம் நல்லா பிழைச்சுது."

"யாரு கத்துக்குடுத்தா?"

"யாரும் கத்துக்குடுக்கலக்கா. முடிஞ்சது நின்னுச்சு, முடியாதது போச்சு. கணக்கில்லாத வருஷம்."

மனிதன் குரங்கின் பேரனாமே, அதுவும் இதுதானா என்று கேட்டேன். குரங்கு நமக்குப் பாட்டி இல்லை, பெரியம்மா பெண் என்றீர்கள். அந்த இடத்திலும் உங்களுக்கு விளையாட்டு.

"அப்போ பெருமாளுக்கு இதுல வேலையே இல்லையா டீச்சர்?"

"அது என் பாடத்துல இல்லக்கா. நான் அதை ஞாயித்துக்கிழமை கேட்டுக்கிறேன், நீங்க சனிக்கிழமை கேட்டுக்கோங்க."

அந்தச் சொல்லை அங்கேயே எனக்குப் பழக்கினீர்கள். முதல் தடவை பரிமாணம் என்றேன். அது அளவு, கணக்குப் பாடத்தில் வருவது என்று சிரித்தீர்கள். ஐந்தாறு தடவை சொன்ன பிறகு சரியாக வந்தது.

வெள்ளிக்கிழமை நீங்கள் வேண்டாம் என்றும் நான் வந்தேன். வடக்கு மாடவீதியிலிருந்து நடந்தே வந்தேன். வழியெல்லாம் ப, ரி, ணா என்று சொல்லிக்கொண்டு வந்தேன். மடத்து வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் நெற்றித் திருச்சூர்ணத்தைப் பார்த்துப் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். யுத்தகாலம், ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. மேலே எங்கோ பெண்கள் கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரே வரியை நிறுத்தி நிறுத்தித் திரும்பத் திரும்பப் பாடினார்கள். அந்த வரி முடிவதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன்.

கூப்பிட்டார்கள். மதர் மேசைக்குப் பின்னால். பக்கத்தில் சாமியார், தெற்கத்தி ஆள், நரைத்த தாடி. நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். தோளில் பை. நான் கும்பிட்டுவிட்டு, ஊரெல்லாம் சொன்னது நான்தான், மாடிக்கும் கீழுக்கும் நடுவில் என் காது தப்பாகக் கேட்டுவிட்டது என்றேன். மதர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சரிம்மா. அவங்க சொன்னது ஹரிநாமம் இல்லேன்னா, வேற என்ன?"

உங்களைப் பார்த்தேன். நீங்கள் தலையை லேசாக அசைத்தீர்கள். இப்படியும் அப்படியும், ஒரே தடவை. அந்த அறையில் யாரும் கவனிக்கவில்லை.

"பரிமாணம்" என்றேன்.

சாமியார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கணக்குப் பாடமா. இதுக்கா இத்தனை கலாட்டா" என்று மதரிடம் சொன்னார். மதர் பேனாவை மூடினார்கள். போகலாம் என்று திரும்பினேன்.

நீங்கள் நகரவில்லை.

"மன்னிக்கணும் மதர். பரிமாணம் இல்ல. பரிணாமம்."

பையிலிருந்து சீசாவை எடுத்து மேசைமேல் வைத்தீர்கள். என் பழைய ஊறுகாய் சீசா. ஊறுகாய் போடவா என்று கேட்டபோது, ஒருமாதிரி ஊறுகாய்தான் அக்கா என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனீர்களே, அதே சீசா. உள்ளே ஸ்பிரிட்டில் அதே ஜாதிச் சேற்று மீன் ஒன்று, துடுப்பை ஊன்றியபடி. முழுப்பாடத்தையும் சொன்னீர்கள். மாடியில் கேட்ட அதே தமிழ், ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

நீங்கள் இதை நம்புகிறீர்களா என்று மதர் கேட்டார்கள்.

"நம்புறதுக்கு ஜெபம் இருக்கு மதர். இது பாக்கிறது. பிள்ளைங்களை ஒருநாள் ஆத்துக்குக் கூட்டிட்டுப் போனா அதுங்களே பாக்கும்."

சாமியார் சீசாவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். சின்ன வயதில் எங்கள் ஊர் உப்பங்கழியில் இதைத் துரத்தியிருக்கிறேன், ஒன்றுகூடக் கையில் அகப்பட்டதில்லை என்றார். மதர் சொன்னார்கள்: வேலை இருக்கட்டும். அந்தப் பாடம் வேண்டாம்.

கடற்கரைக் காற்றில் நாம் திரும்பி நடந்தோம். கச்சேரி ரோடு வந்தது. நான் சும்மா இருக்கமாட்டாமல் கேட்டேன், அதுதான் முடிந்துபோயிருந்ததே, ஏன் வாயைத் திறந்தீர்கள் என்று.

"நான் நின்னுக்கிட்டிருக்கும்போதே தப்பான சொல்லு எப்படிக்கா போகும்?" என்றீர்கள். பிறகு, "நேத்து சரியாத்தானே சொன்னீங்க. அங்க ஏன் மாத்திச் சொன்னீங்க?"

நாக்கு தவறிவிட்டது என்றேன். நீங்கள் நம்பின மாதிரிதான் இருந்தது.

சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு விழும் என்று ஊரே காலியானது. அம்மாவை நாற்காலியோடு தூக்கி ஜட்காவில் ஏற்றினோம். தெற்கே உங்கள் சித்தப்பா ஊருக்குப் போவதாக ஏற்பாடு. கடைசியில் சீசாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, ரயிலில் உடைந்துவிடும், திரும்பி வரும்வரை வைத்திருங்கள் என்றீர்கள். மீன் ஆயிற்றே என்று ஒரு நொடி கை பின்வாங்கியது. பிறகு வாங்கிக்கொண்டேன். அதன்மேல் உங்கள் கையெழுத்தில் எழுதி ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது. ஆடியில் உங்கள் சித்தப்பாவிடமிருந்து கார்டு வந்தது. உங்களுக்கு மலைக்காய்ச்சல், ஒன்பதே நாளில் போய்விட்டீர்கள் என்று எழுதியிருந்தார்.

நாக்கு தவறவில்லை, டீச்சர். உங்கள் தலை அசைந்ததைப் பார்த்தேன், மாடியில் படுத்திருக்கிற அம்மா நினைவுக்கு வந்தார்கள், தெரிந்தேதான் மாற்றினேன். மடத்தில் நின்று பொய் சொன்னதற்குப் பெருமாளிடம் எப்போதோ மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்களிடம் கேட்க முடியாதது வேறு. நீங்கள் வேலையையே பணயம் வைத்துத் திருத்திய சொல்லை, நான் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகத் திரும்பினேன். அதை உங்களிடம் சொல்லாமல் நாக்கின்மேல் பழியைப் போட்டேன்.

வீட்டுக்காரர் மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கிவந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. சீசாவை நிரப்பி, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றினேன். பெருமாள் படத்துக்குப் பின்னால், இந்தத் தடவை துணி சுற்றாமல் வைத்துவிட்டேன்.

நாளை விடியலில் விளக்கேற்றி ஹரிநாமம் சொல்வேன். அது முடிந்ததும், அந்த ஆடியிலிருந்து தினமும் செய்கிற மாதிரி, மாடியைப் பார்த்து உங்கள் சொல்லையும் ஒருதரம் எழுத்தெழுத்தாகச் சொல்வேன். ப தெளிவாக விழுகிறது, டீச்சர். ணாவும்.