ஒத்தைக் கால் பூட்ஸ்

ஆம்பூர்,
வியாழக்கிழமை.

ஹரிணி அப்பாவுக்கு,

பூர்ணிமா எழுதுறேன். நானும் பாப்பாவும் இங்க சௌக்கியம்னு ஆரம்பிக்கணும், கையும் அப்படித்தான் எழுத வருது. ஆனா நாங்க சௌக்கியமா இல்லைங்க. எனக்கு உங்க மேல அவ்ளோ கோபம்.

தினம் வாட்ஸப்ல பேசுறவ இன்னாத்துக்கு திடீர்னு கடுதாசி எழுதுறான்னு பார்ப்பீங்க. போன்ல நான் ரெண்டு வார்த்தை சத்தமாப் பேசினா சிக்னல் இல்லைன்னு கட் பண்ணிடுறீங்க. நேத்தும் அதைத்தான் பண்ணீங்க. காகிதத்தை கட் பண்ண முடியாது இல்ல? அதான். சுஹேல் அகமது பாய் நாளைக்கு பெங்களூர்ல ஃப்ளைட் ஏறி எத்தியோப்பியாவுல உங்க ஃபேக்டரிக்குத்தான் வர்றார். அவர் கையில இதைக் குடுத்து அனுப்புறேன். கூடவே எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப் பொடியும் இருக்கு. கோபம் வேற, சாப்பாடு வேற.

பாப்பாவுக்கு வலது குதிகால்ல கொப்புளம்னு போன மாசம் சொன்னேனே, ஞாபகம் இருக்கா? பஜார்ல கம்மி விலைக்குச் செருப்பு வாங்கியிருப்பேன்னு என்னைத்தான் திட்டினீங்க. நானும் அப்படித்தான் போலன்னு அந்தச் செருப்பைக் கடாசிட்டு வேற வாங்கினேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். ஆறுற மாதிரி ஆறும், திரும்ப அதே இடத்துல தோல் உரிஞ்சு நிக்கும். இடது கால்ல ஒண்ணுமே இல்லை. செருப்பு கடிச்சா ரெண்டு காலையும்தானே கடிக்கணும்? தினம் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவ நான், எனக்கே அது உறைக்கலை பாருங்க.

வேலைக்குப் போறப்ப பாப்பாவை விட்டுட்டுப் போற மன்றத்துல பொங்கல் விழாவுக்கு அவளைக் கும்மியில சேர்த்திருந்தாங்க. இவ வலது காலை ஊனாம நொண்டி அடிக்கிறான்னு மிஸ் எங்கிட்ட வந்து, உங்க பொண்ணு ஜாஸ்தி மக்கர் பண்றா, வீட்டுல செல்லம் குடுக்காதீங்கன்னு சொல்லிச்சு. நான் வீட்டுக்கு வந்து குழந்தையை அதட்டினேன். நாலு வயசு கூட ஆகலை அதுக்கு.

நேத்து எங்க தையல் லைனுக்குத் தோல் பீஸ் வரலைன்னு மத்தியானமே எங்களை விட்டுட்டாங்க. நானும் அஃப்ரோஸும் நேரா மன்றத்துக்குப் போனோம். என் பக்கத்து மெஷின்ல தைக்கிற அஃப்ரோஸ்தான், அவ பையனும் அங்கதான் இருக்கான். மாடியில சிலம்பம், பரதம்னு ஒரே ஜோரா இருக்கும், கீழ ஹால்ல ப்ளே ஸ்கூலு. வாசல்ல "பண்பாட்டு மன்றம்"னு இவ்ளோ பெரிய போர்டு. உள்ள போய்ப் பார்த்தா, தரையில சாக்பீஸால கோடு போட்டு வெச்சிருக்காங்க. எங்க கம்பெனி சேம்பிள் ரூம் ஆளு ரெண்டு பேர் மண்டி போட்டு உட்கார்ந்திருக்காங்க. புள்ளைங்க ஒவ்வொண்ணா அந்தக் கோட்டு மேல நடக்குது. வலது கால்ல மட்டும் பூட்ஸ், இடது கால் வெறுங்கால்.

உங்களுக்குச் சொல்லணுமா, சேம்பிளுக்கு ஒத்தைக் கால்தான் தைப்பாங்க. குளிர் நாட்டுக்குப் போற பூட்ஸு அது, உள்ள ரோமம் வெச்சு கணுக்கால் வரைக்கும் வருது. நம்ம ஊரு வெயிலுக்கு! குதிகால் பக்கம் வைக்கிற கெட்டி அட்டை கல்லு மாதிரி இருக்கு. எங்க உரசுது, எங்க பிடிக்குதுன்னு தெரிஞ்சுக்க எங்க புள்ளைங்க காலு. நடந்து முடிச்சா மிஸ் ஒரு சாக்லேட் தருது. மாசக்கணக்கா இது நடக்குதாம். ஆண்டு விழாவுல கம்பெனி புது ஊஞ்சல் வாங்கிக் குடுத்துச்சுன்னு மேடையில பொன்னாடை போர்த்தினாங்களே, எதுக்குன்னு இப்பதான் புரியுது.

பாப்பா கால்ல இருந்து பூட்ஸைக் கழட்டினேன். உள்ள இருந்த வெள்ளை ரோமம் ரத்தமா இருந்துச்சு.

நான் அங்க கத்தின கத்தல்ல மாடியில சிலம்பம் நின்னுடுச்சு. அஃப்ரோஸ் சும்மா இருப்பாளா? எங்க புள்ளைங்க காலு இன்னா உங்களுக்கு ஷூ மாட்டுற அச்சுக் கட்டையான்னு கேட்டுட்டு, அந்தப் பூட்ஸைத் தூக்கி காம்பவுண்டுக்கு வெளிய வீசிட்டா. சாயங்காலம் கூட்டிட்டுப் போக வந்த மத்த அம்மாக்கள்ல பாதிப் பேர் எங்க பக்கம் வந்தாங்க. மீதிப் பேர் தலையைக் குனிஞ்சுட்டுப் போய்ட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். காலையில லைன்ல உட்கார்ந்தா இருட்டுற நேரத்துக்குத்தான் எழுந்திரிக்கிறோம், அந்த மன்றத்தை விட்டா புள்ளையை எங்க விடுறது?

நேத்துச் சாயங்காலமே உங்க கோவிந்தராஜ் அண்ணன் ஆப்பிள் பையோட வீட்டுக்கு வந்துட்டார். பெரியப்பா மகன், நமக்கு வாழ்வு குடுத்தவர்னு தலையில தூக்கி வெச்சு ஆடுவீங்களே, அவரேதான். சேம்பிள் ரூம் மேனேஜரும் அவரு, மன்றத்துக்குப் பொருளாளரும் அவரு. இடது கையால குடுத்து வலது கையால வாங்கிக்கிற வேலைதானே இது. சின்ன விஷயத்தைப் போய் பேஜார் பண்றியே, பூட்ஸ் வாங்குற பையர் காதுல விழுந்தா ஆர்டரே போய்டும், ஞாயித்துக்கிழமை பெத்தவங்க கூட்டம் வெச்சிருக்கோம், அதுல அவசரப்பட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுன்னார். உன் வேலையும் இருக்கு, தம்பி வேலையும் இருக்கு, யோசிச்சுக்கோன்னார். முடியாதுன்னேன்.

அப்பதான் சொன்னார். நான் என்ன கேட்காமலா செஞ்சேன், உன் புருஷன்கிட்ட முதல்லயே போன்ல சொல்லிட்டேன், அதுக்கென்னண்ணா, நம்ம கம்பெனிதானேன்னு அவன் சொன்னான்னார்.

பொய்னு சொல்ல வாயைத் திறந்தேன். ஆனா "அதுக்கென்னண்ணா" உங்க வார்த்தை. நம்ம கல்யாணத்துல அவர் மண்டபத்தை மாத்தினப்பவும் அதைத்தான் சொன்னீங்க, உங்களை எத்தியோப்பியாவுக்குப் போன்னு அவர் சொன்னப்பவும் அதைத்தான் சொன்னீங்க. அவரால அதை சொந்தமா ஜோடிக்க முடியாது. அப்போ போன மாசம் கொப்புளம்னு நான் அழுதப்ப உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் என் செருப்பு மேல பழி போட்டீங்க. சீ!

அவர் பேசிட்டு இருக்கும்போதே பாப்பா உள்ள ஓடினா. வலது கால்ல மட்டும் செருப்பை மாட்டிட்டு வந்தா. செவுரு வரைக்கும் நேரா நொண்டிக்கிட்டே நடந்து போனா, திரும்பி வந்தா, அவர் முன்னாடி கையை நீட்டிட்டு நின்னா. மனுஷனுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. ஆப்பிள் பையை அங்கயே வெச்சுட்டுக் கிளம்பிட்டார். நான் அந்தப் பையைத் தொடலை.

இப்ப நான் லீவு போட்டுட்டு வீட்டுல இருக்கேன். அஃப்ரோஸ் பையனும் எங்கூடத்தான் இருக்கான். அவ வேலைக்குப் போறா, நாளைக்கு நான் போவேன், அவ லீவு போடுவா. எத்தனை நாளைக்கு இது ஓடும்னு தெரியலை.

சனிக்கிழமை இந்தக் கடுதாசி உங்க கைக்கு வந்துடும். ஞாயித்துக்கிழமை காலையில கூட்டம். நான் மன்னிப்புக் கேட்கப் போறதில்லை. அதுக்கு முன்னாடி உங்க அண்ணனுக்குப் போன் போட்டு, நான் சரின்னு சொன்னது தப்பு, இனிமே எந்தப் புள்ளை காலையும் தொடாதீங்கன்னு சொல்லுங்க. வேலை போனா போவட்டும், ரெண்டு பேருக்கும் கை இருக்கு. நீங்க சொல்லலைன்னா, குழந்தையோட அப்பா சம்மதிச்சாரு, அம்மா சம்மதிக்கலைன்னு அத்தனை பேர் முன்னாடி நானே எழுந்து சொல்லுவேன். அதுக்கப்புறம் நீங்க இங்க எந்த மூஞ்சியோட வந்து இறங்குவீங்களோ, உங்க பாடு.

பாப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா எப்ப வருவாருன்னுதான் கேக்குறா. இந்தக் காகிதத்தைத் திருப்பிப் பாருங்க. அவளை நிக்க வெச்சு ரெண்டு காலையும் சுத்திப் பேனாவால வரைஞ்சிருக்கேன். வலது கால் கோடு ஒரு இடத்துல கோணிப் போயிருக்கும். குதிகால்ல பேனா பட்டதும் வலிச்சு இழுத்துக்கிட்டா.

அங்க உங்க கையில தோல் இருக்கு, மெஷின் இருக்கு. லீவுல வரும்போது அவளுக்கு உங்க கையால ஒரு செருப்பு தைச்சு எடுத்துட்டு வாங்க. ரெண்டு காலுக்கும் தைங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க, உடம்பைப் பார்த்துக்கோங்க. அளவு கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் பரவாயில்லை. சரியா இருக்கான்னு பார்க்க அந்த ஊர்ல எந்தப் புள்ளையோட காலையும் பிடிக்காதீங்க.

இப்படிக்கு,
ஹரிணி அம்மா
பூர்ணிமா