அன்றைக்கு மழை பெய்யவில்லை

மச்சான்,

நேற்று தேனியிலிருந்து கம்பம் வரும் பஸ்ஸில் நம்ம படத்தைப் போட்டார்கள். டி.வி.யில் மழை கொட்டுகிறது, ஆட்கள் ஓடுகிறார்கள், அரிவாள் மின்னுகிறது. என் இடது தோள்பட்டை தன்னால் துடித்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவித்த கடலை தின்றுகொண்டிருந்தது யார் தெரியுமா? செல்லாண்டி. என்னை நிஜமாகவே வெட்டியவன். படத்தில் அவன் தலையை நான் சீவுகிற இடம் வந்ததும், ஒரு கை கடலையை என் மடியில் போட்டு, "நல்லாத்தான் வெட்டுற மொக்கராசு. கை வலிக்கும், தின்னு" என்றான்.

நீ கபர்க்குழிக்குள் படுத்துக்கொண்டே சிரித்திருப்பாய்.

வெட்டு விழுந்த அன்று எவனும் சிரிக்கவில்லை. வாய்க்கால் மடையில் நானும் அவனும் நின்றோம். தண்ணீர் தன் முறை என்கிறான் அவன். என் முறை என்கிறேன் நான். நீ வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தாய். நல்ல வெயில். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. "ஒனக்கு எதுக்குடா தண்ணி? ஒன்னைக் கட்டிட்டு ஒன் பொண்டாட்டி அழுகுற அழுகையிலேயே ரெண்டு போகம் வெளையுமே" என்றேன்.

"மடைய மூடுறியா, இல்லையா?" அவ்வளவுதான் கேட்டான்.

நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அரிவாள் தோளில் இறங்கி எலும்பில் மாட்டிக்கொண்டது. இழுத்தான், வரவில்லை. என் நெஞ்சில் காலை வைத்து இழுத்தான். பிடுங்கிக்கொண்டு வந்தது. ரத்தம் பீறிட்டு அவன் முகத்திலேயே அடித்தது. நான் தண்ணீருக்குள் விழுந்தேன். சிவந்துபோன அந்தத் தண்ணீர் அன்றைக்கு எங்கள் இரண்டு பேர் வயலுக்கும் பாய்ந்தது.

அப்புறம் நடந்ததை முழுசாகப் பார்த்தவன் நீ ஒருத்தன்தான். செல்லாண்டி அரிவாளை வீசிவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து என் தோளை இறுக்கிக் கட்டினான். என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வரப்பில் ஓடினான். "செத்துராதடா நாயே, செத்துராதடா" என்று வழியெல்லாம் என்னைத்தான் திட்டினான். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற ஜீப்பை மறித்து, உள்ளே இருந்தவர்களை இறக்கிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் என்னைக் கிடத்திவிட்டு அழுதுகொண்டே ஓடிப்போனான். விசாரிக்க வந்தவர்களிடம், வாழைத்தார் வெட்டும்போது பட்டது என்று நான் சொல்லிவிட்டேன். மண்வெட்டி பிடிக்க முடியாத தோளோடு கம்பத்தில் பழக்கடை போட்டேன். செல்லாண்டி தன் தோட்டத்துத் தார்களை என் கடைக்கே கொண்டுவந்து போட்டான். அதைப் பற்றி ஒரு வார்த்தை அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பேசியது நீதான். ஒரு பத்திரிகையில் உன் கதை வந்தது. அப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் நான் என்பதால் கடையில் உட்கார்ந்து நீயே வாசித்துக் காட்டினாய். கதையில் நான் செத்துப்போகிறேன்.

"என்னை ஏன் மச்சான் கொன்ன?"

"கதைக்கு வேண்டியிருந்துச்சு மாப்ள."

"நான் இப்படி விழலையே? மரம் சாயுற மாதிரி மெதுவா, வானத்தப் பாத்துக்கிட்டு…"

"நீ மூட்டை கணக்கா தொப்புன்னு விழுந்த. பாக்கச் சகிக்கல. இது சினிமாக் கொட்டகையில பாத்த ஒரு படத்துல ஒருத்தன் விழுந்தது. நல்லா இருந்துச்சா, ஒனக்குக் குடுத்துட்டேன்."

செல்லாண்டி வாயில் ஒரு வசனமும் வைத்திருந்தாய்: "தண்ணி வராத வாய்க்கால்ல ரத்தம் வரும்டா." அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"சரி, அவன் என்னைத் தூக்கிட்டு ஓடுனது எங்க?"

"வெட்டுனவனே தூக்கிட்டு ஓடுனான்னு எழுதுனா எவன் நம்புவான்?"

சில வருஷம் கழித்துத் தேனிப் பக்கம் படம் எடுக்க வந்த டைரக்டர், அந்தக் கதையைப் படித்துவிட்டு உன் திராட்சைத் தோட்டத்தைத் தேடி வந்தார். நீ வாயெல்லாம் பல்லாகக் கதையைக் கொடுத்தாய். அவர் நம்ம வாய்க்கால் சண்டையைத் திருவிழாச் சண்டையாக மாற்றினார். மழையைக் கொண்டுவந்தார். நீ சாகடித்த என்னை எழுப்பி, செல்லாண்டி தலையைச் சீவி மடையில் அடைக்கவைத்தார். உன் வசனத்தை அவன் வாயிலிருந்து பிடுங்கி என் வாயில் போட்டார். வெட்டுப்பட்டு நான் மெதுவாகச் சாய்வதை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார். படத்திலிருந்து நீ எடுத்தது படத்துக்கே போய்ச் சேர்ந்தது.

"நான் ஒன்னைக் கொன்னேன், அவுக எழுப்பி விட்டாக. ரெண்டு பேருமே ஒன்னை ஒரு வார்த்தை கேக்கல, பாரு மாப்ள" என்று சிரித்தாய்.

ஊர் சிரித்த சிரிப்பு வேறு மாதிரி. அன்றைக்கு அந்தப் பக்கமே வராதவர்கள்கூட, கொட்டுகிற மழையில் நேரில் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்கள். செல்லாண்டி டீக்கடைக்குப் போனால், "ஏலே, கழுத்துல தலை இருக்கா பாரு" என்று விசிலடித்தார்கள். அவன் வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்தினான். அவன் மகன் பாண்டிக்கு அது பொறுக்கவில்லை. படக்காரர்களிடம் சொல்லி, தன் அப்பனை அப்படிக் காட்டவைத்தது நான்தான் என்று நினைத்துவிட்டான்.

ஒரு நாள் நட்டநடு மத்தியானம். நீ டீ குடிக்க என் கடைக்கு வந்திருந்தாய். பாண்டி அரிவாளோடு உள்ளே நுழைந்தான். தொங்கிய முதல் தாரை ஒரே வீச்சில் அறுத்துத் தள்ளினான். பழம் சிதறியது. அடுத்த வீச்சு எனக்கு என்று தெரிந்துவிட்டது. தார்களுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். அவன் அரிவாளை ஓங்கி, கண்ணை உருட்டிச் சொன்னான்: "தண்ணி வராத வாய்க்கால்ல ரத்தம் வரும்டா!"

வெட்ட வந்தவன் வசனம் பேசினான், மச்சான்! அவன் அப்பன் வசனம் பேசாமல் வெட்டினான், அதனால் எனக்கு விலகக்கூட நேரமில்லை. இவன் பேசிய நேரத்தில் நீ குறுக்கே புகுந்துவிட்டாய். "அது நான் எழுதுனதுடா" என்று கத்திக்கொண்டே கையை நீட்டினாய். அரிவாள் உன் முன்கையில் விழுந்து, சதையைச் சீவி மடித்தது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ரத்தம் பழத்தின் மேலெல்லாம் தெறித்தது. அவன் மறுபடியும் ஓங்கினான்.

நீ பின்வாங்கவில்லை. "உங்கப்பன் வெட்டுனதத்தான் எழுதுனேன். இவனத் தோள்ல போட்டுக்கிட்டு ரோடு வரைக்கும் ஓடுனாரே, அத நான் எழுதல. அழுதுக்கிட்டே ஓடுனார்டா. வீட்டுல போய்க் கேளு. கேட்டுட்டு வந்து இவன வெட்டு. எங்கனயும் போக மாட்டான்" என்றாய்.

பாண்டி என்னைப் பார்த்தான். நான் சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினேன். "ஒங்கப்பன் கட்டுன துண்டு இல்லாட்டி நான் அன்னைக்கே போயிருப்பேன்டா" என்றேன். அரிவாள் கீழே விழுந்தது. அவன் தன் சட்டையைக் கிழித்து உன் கையை இறுக்கிக் கட்டினான். உன்னை அள்ளித் தூக்கிக்கொண்டு கடைவீதியில் ஓடினான். "அத்தா, செத்துராதீக, செத்துராதீக" என்று அலறிக்கொண்டே ஓடினான். இதை அவனுக்கு எந்தப் படமும் சொல்லித்தரவில்லை.

ஆஸ்பத்திரியில், வாழைத்தார் வெட்டும்போது பட்டது என்று நான் முன்பு சொன்ன பொய்யை நீ திராட்சைக்கொடிக்கு மாற்றிச் சொன்னாய். கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்த உன்னிடம், "இப்பவாச்சும் அத எழுதுவியா மச்சான்?" என்றேன்.

"ஒரு தடவ நடந்ததையே நம்ப மாட்டாங்க. இப்ப ரெண்டு தடவ நடந்திருக்கு. சுத்தமா நம்ப மாட்டாங்க!"

எழுதாமலே போய்விட்டாய். மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோனது. உன்னை எடுத்த அன்று சந்தூக்குப் பெட்டியின் காலைத் தூக்க முதலில் குனிந்தது செல்லாண்டிதான். அடுத்த கால் பாண்டிக்கு. இன்னொரு காலை நான் வாங்கினேன், வெட்டுப்பட்ட தோளில். வலித்தது மச்சான். கனமாகத்தான் இருந்தாய்.

நேற்று பஸ்ஸில் படம் முடிந்ததும் கண்டக்டர் எங்கள் பக்கம் வந்தார். "இது இங்கன நெசமா நடந்ததாமுல்ல? வெட்டுனவன் என்ன ஆனான்?"

செல்லாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கடலையை மெல்லும் வாய் நின்றுவிட்டது.

நான் நகர்ந்து கண்டக்டருக்கு இடம் விட்டேன். "உக்காருங்க, சொல்றேன்" என்றேன். "மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. அன்னைக்கு மழையே பெய்யல."