சிவப்பு பஸ்ஸில் ஏறிய நீல ஆடு

அன்பு மகன் டேனியலுக்கு, அம்மா முத்தங்களோடு எழுதுவது. ஆண்டவர் தயவில் செவிலிமேட்டில் நாங்கள் இருவரும் சுகம், டொராண்டோ குளிரில் நீயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். போனில் சொன்னால் உன் அப்பா நடுவில் புகுந்து பாதியை அவரே சொல்லிவிடுவார், அதனால்தான் கடிதம். போன வருஷம் பால்வாடிப் பிள்ளைகளுக்காகக் கலர் காகிதத்தில் வெட்டி ஒட்டினேனே, டவுன் பஸ் படியில் முன்னங்காலை வைத்து ஏறப் பார்க்கும் ஆடு, அதை அபிநயா என்று ஒரு ஓவியர் பெண் பார்த்துவிட்டு, லித்தோகிராஃப் போடலாம் என்று கேட்டு வாங்கிப் போனாள். கல்லின் மேல் வரைந்து ஒவ்வொரு நிறமாக அச்சடிப்பதாம். முதல் தாள் எடுக்கும்போது நாங்களும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சென்னைக்கே கூப்பிட்டாள். எனக்கு அன்று இட்லிகூட இறங்கவில்லை.

முதலில் மஞ்சள் ஏறியது, வெறும் வெயில் மாதிரி. அடுத்த கல்லில் சிவப்பு. தாளை மெல்ல உரித்து எடுத்தாள் பார், பஸ் தகதகவென்று வந்து நின்றது, நான் கை தட்டப் போனேன், அதற்குள் டவுன் பஸ் ஓட்டியே ரிடையரான உன் அப்பா, "அய்யய்யோ, படி ரோட்டுப் பக்கம் வந்துடுச்சிம்மா! ஆடு அடிபட்டுடும்!" என்று கத்துகிறார். தாளில் எல்லாம் திரும்பி விழும் என்பதால் கல்லில் இடம் வலம் மாற்றி வரைய வேண்டுமாம், அவள் மறந்து நேராக வரைந்துவிட்டாள். பாவம், முகம் சுண்டிப்போய், "சாரிம்மா, எல்லாக் கல்லையும் அழிச்சிட்டு மறுபடி வரையறேன்" என்றாள். எனக்கும் மனசு ஆறவில்லை, நான் வெட்டியது இது இல்லையே என்று. ஆனால் பார்க்கப் பார்க்க உன் ஞாபகம், நீ வீடியோவில் காட்டினாயே, அங்கே வலது பக்கம்தானே ஏறுகிறீர்கள்? "இது நம்ம ஊரு பஸ்ஸே இல்லீங்க, டேனியல் ஊரு பஸ்ஸு. ஆடு அவங்கிட்ட போவுது, உடுங்க" என்று சொல்லிவிட்டேன். அப்பா மேஜையைச் சுற்றி வந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு அபிநயாவிடம், "அப்போ சரிம்மா, ஏத்திக்க" என்றார். நீல ஆடு ஏறியது டேனியல்! அவள் அழுதுகொண்டே சிரிக்கிறாள், நானும்தான்.

ஒரு தாள் உனக்குக் கூரியரில் வருகிறது, வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டு. காதை மூடாமல் வெளியே போகாதே, ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளாதே. ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு உன் அம்மா,
ஓவியர் லில்லி தனசேகரன்
(ஓவியர் என்று போடச் சொன்னது அப்பா, நான் இல்லை)